'டேய், தட்டு கழுவுடா முதல்ல!' - வீட்டையே கத்த வைக்கும் 'ஓவர்குக்ட்' கேம்... லால்பேட்டை நோன்புக் கஞ்சிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

ரமலான் மாதம். லால்பேட்டையில் அசர் தொழுகைக்கு முன்பே பள்ளிவாசல் பக்கம் பரபரப்பு தொடங்கிவிடும். ஒருவர் வெங்காயம் நறுக்குவார், ஒருவர் அடுப்பைப் பார்ப்பார், இன்னொருவர் பெரிய அகப்பையால் அண்டாவைக் கிண்டிக்கொண்டே இருப்பார். தூக்குவாளியோடு பிள்ளைகள் வரிசையில் நிற்கத் தொடங்கிவிடுவார்கள். மக்ரிப் பாங்கு யாருக்காகவும் ஒரு நிமிடம் கூடத் தள்ளிப் போகாது. அதற்குள் நோன்புக் கஞ்சி தயாராகி, எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தாக வேண்டும். ஒருத்தர் சொதப்பினால் மொத்த வேலையும் தாமதம்.

இந்தப் பரபரப்பை அப்படியே டிவி திரைக்குள் கொண்டுவந்து, நாலு பேர் கையில் கன்ட்ரோலரைக் கொடுத்தால் எப்படி இருக்கும்? அதுதான் 'ஓவர்குக்ட்'. பார்ப்பதற்கு சின்னப் பிள்ளைகள் கார்ட்டூன் மாதிரி இருக்கும். ஆனா விளையாட உட்கார்ந்த அஞ்சாவது நிமிஷத்தில் வீடே கத்த ஆரம்பித்துவிடும்.

இது என்ன கேம்? ஏன் இவ்வளவு சண்டை? வளைகுடாவில் இருக்கும் அத்தா, ஊரில் இருக்கும் பிள்ளையோடு சேர்ந்து விளையாட முடியுமா? ஆன்லைன் கேம் தடைச் சட்டம் இதற்கும் பொருந்துமா? முழு விவரம் இதோ.

ஓவர்குக்ட் என்றால் என்ன?

'அளவுக்கு மீறி வெந்துவிட்டது' என்பதுதான் பெயரின் பொருள். ஒரு உணவகத்தின் சமையலறை. அதில் ஒருவர் முதல் நான்கு பேர் வரை சமையல்காரர்களாக விளையாடலாம். திரையின் மேலே ஆர்டர்கள் படமாக வந்துகொண்டே இருக்கும். அதைப் பார்த்து காய்கறி எடுத்து, நறுக்கி, வேகவைத்து, தட்டில் வைத்து, பரிமாறும் இடத்தில் கொடுக்க வேண்டும். எல்லாம் சில நிமிடங்களுக்குள். நேரம் முடியும்போது எவ்வளவு மதிப்பெண் சேர்ந்திருக்கிறதோ, அதற்கு ஏற்ப ஒன்று முதல் மூன்று நட்சத்திரங்கள் கிடைக்கும்.

துப்பாக்கி கிடையாது. ரத்தம் கிடையாது. பணம் கட்டி ஜெயிப்பதும் கிடையாது. எதிரி என்று ஒருத்தர் இருந்தால் அது கடிகாரம் மட்டும்தான்.

உருவாக்கியது யார்?

இங்கிலாந்தைச் சேர்ந்த 'கோஸ்ட் டவுன் கேம்ஸ்' என்ற சிறிய நிறுவனம். ஃபில் டங்கன், ஒல்லி டி-வைன் என்ற இருவர்தான் இதன் பின்னணியில் இருந்தவர்கள். 'டீம்17' நிறுவனம் 2016 ஆகஸ்டில் இதை வெளியிட்டது. முதலில் பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன், கணினி ஆகியவற்றுக்கு வந்தது. அடுத்த ஆண்டு நின்டெண்டோ ஸ்விட்ச்சுக்கும் வந்தது.

2017-ல் பாஃப்டா கேம் விருதுகளில் சிறந்த பிரிட்டிஷ் கேம், சிறந்த குடும்ப கேம் என இரண்டு விருதுகளைத் தட்டிச் சென்றது. பெரிய நிறுவனங்கள் நூற்றுக்கணக்கானோரை வைத்து ஆண்டுக்கணக்கில் கேம் தயாரிக்கும் காலத்தில், ஒரு சின்னக் குழுவின் சமையலறை கேம் இந்த இடத்தைப் பிடித்ததுதான் பலரைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

2018 ஆகஸ்டில் 'ஓவர்குக்ட் 2' வந்தது. 2020-ல் இரண்டு கேம்களையும் சேர்த்து, படத் தரத்தைக் கூட்டி, 'ஓவர்குக்ட்: ஆல் யூ கேன் ஈட்' என்ற தொகுப்பாக வெளியிட்டார்கள்.

எப்படி விளையாடுவது? ஒரு வெங்காய சூப் கதை

கேமில் ஆரம்பத்திலேயே வரும் ஆர்டர் வெங்காய சூப். இதை வைத்தே மொத்த கேமையும் புரிந்துகொள்ளலாம்.

முதலில் பெட்டியிலிருந்து ஒரு வெங்காயம் எடுக்க வேண்டும். அதை நறுக்கும் பலகையில் வைத்து, அங்கேயே நின்று நறுக்க வேண்டும். நறுக்கியதை அடுப்பில் இருக்கும் பாத்திரத்தில் போட வேண்டும். ஒரு சூப்புக்கு மூன்று வெங்காயம். ஆகவே இதே வேலையை மூன்று முறை செய்ய வேண்டும். சூப் வெந்ததும் தட்டில் ஊற்றி, பரிமாறும் இடத்தில் வைக்க வேண்டும்.

இவ்வளவுதானா என்று தோன்றும். சிக்கல் இனிமேல்தான்.

வெந்த சூப்பை அடுப்பிலேயே விட்டுவிட்டால் தீப்பிடிக்கும். அணைக்காமல் விட்டால் பக்கத்து மேடைக்கும் தீ பரவும். அணைப்பான் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். சாப்பிட்டு முடித்த தட்டு அழுக்காகத் திரும்பி வரும். அதை யாராவது கழுவ வேண்டும். கழுவவில்லை என்றால் சூப் தயாராக இருந்தும் ஊற்றத் தட்டு இருக்காது. அதற்குள் ஆர்டரின் நேரம் தீர்ந்தால் மதிப்பெண் குறையும்.

இதெல்லாம் போதாது என்று சமையலறையே ஆடும். ஒரு கட்டத்தில் கடலில் போகும் கப்பல். அலை அடிக்கும்போது மேடைகள் இடம் மாறும். இன்னொன்றில் சாலையில் ஓடும் இரண்டு லாரிகள்; ஒன்றில் காய்கறி, மற்றொன்றில் அடுப்பு, இரண்டும் பக்கத்தில் வரும்போது மட்டும்தான் தாண்ட முடியும். வேறொன்றில் தரை முழுக்க பனிக்கட்டி. வழுக்கினால் தண்ணீருக்குள் விழ வேண்டியதுதான்.

சமையல்தானே... இதை ஏன் புதிர் விளையாட்டு என்கிறார்கள்?

நல்ல கேள்வி. இந்த கேமில் சமையல் ஒரு மேல்பூச்சுதான். உள்ளே இருப்பது ஒரு கணக்கு. 'யார் எங்கே நின்றால், எந்த வேலையை எந்த வரிசையில் செய்தால், குறைந்த நேரத்தில் அதிகத் தட்டு வெளியே போகும்?' என்பதுதான் அந்தக் கணக்கு.

லால்பேட்டைக்காரர்களுக்கு இதைப் புரிய வைக்க வீராணம் ஏரியே போதும். ஏரியில் எவ்வளவு தண்ணீர் நின்றாலும், மதகு எவ்வளவு திறந்திருக்கிறதோ அவ்வளவுதான் வாய்க்காலில் ஓடும். வெளியே போகும் வழி சின்னதாக இருந்தால் உள்ளே தேங்கும். அதனால்தான் பெருமழைக் காலத்தில் லால்பேட்டை அருகே வெள்ளியங்கால் ஓடை வழியாக உபரி நீரைத் திறந்துவிடுகிறார்கள்.

ஓவர்குக்ட்டிலும் அதே கதைதான். நாலு பேரும் மும்முரமாக வெங்காயம் நறுக்கிக் குவித்தாலும், அடுப்பு இரண்டுதான் என்றால் நறுக்கியது எல்லாம் மேடையில் தேங்கும். அடுப்பு நாலு இருந்தாலும் கழுவிய தட்டு இல்லை என்றால் சூப் தேங்கும். எந்த இடத்தில் வேலை தேங்குகிறது என்று கண்டுபிடித்து, அங்கே ஒரு ஆளை அனுப்புவதுதான் இந்தப் புதிரின் விடை. ஆனால் அந்த 'மதகு' ஒரே இடத்தில் இருக்காது. ஒரு நிமிஷம் அடுப்பில் இருக்கும், அடுத்த நிமிஷம் தட்டில் இருக்கும். லாரி விலகிப் போனால் மதகும் அதோடு போய்விடும்.

தொழிற்சாலைகளிலும், பெரிய உணவகங்களிலும், மருத்துவமனைகளிலும் மேலாளர்கள் தினமும் மண்டையை உடைத்துக்கொள்ளும் அதே கணக்குதான் இது. ஒரு வித்தியாசம், இங்கே அதை யோசிக்க நேரம் கிடையாது. யோசிக்கும்போதே சூப் கருகிவிடும்.

ஏன் சண்டை வருது?

கேமில் ஒருவர் செய்யும் ஒவ்வொரு செயலும் மற்றவரைப் பாதிக்கும்படி வடிவமைத்திருக்கிறார்கள். குறுகலான வழியில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் இடித்துக்கொள்வார்கள். ஒருத்தர் எடுத்துவைத்த தக்காளியை இன்னொருத்தர் தெரியாமல் தூக்கிக்கொண்டு போய்விடுவார். ஒரே தட்டை இரண்டு பேரும் கழுவப் போவார்கள். அடுப்பை மட்டும் யாருமே பார்த்திருக்க மாட்டார்கள்.

"அண்ணே, தக்காளி கொண்டா!"

"நான் வெங்காயம் நறுக்கிட்டு இருக்கேன்டா. தட்டு கழுவுடா முதல்ல!"

"அடுப்பு எரியுது, அடுப்பு எரியுது!"

இந்த மூன்று வரிதான் பெரும்பாலான வீடுகளில் கேட்கும் வசனம். கத்துவதற்குக் காரணம் கோபம் இல்லை. தகவல். ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரியாத வரைக்கும் ஆட்டம் நகராது. ஆகவே பேசியே ஆக வேண்டும். நேரம் குறைவு என்பதால் பேச்சு கூச்சலாகிறது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நன்றாக விளையாடும் குழுக்கள் அதிகம் கத்துவதில்லை. 'சூப் வெந்துருச்சு', 'தட்டு ரெண்டு இருக்கு', 'நான் கழுவுறேன்' என்று செய்தியை மட்டும் சொல்வார்கள். 'நீ ஏன் அதைச் செய்யல?' என்ற கேள்வி ஆட்டம் முடிந்த பிறகுதான் வரும். பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சும் அனுபவசாலிகளைப் பார்த்தாலும் இதே முறைதான். யார் எந்த வேலை என்பது முன்பே பேசி முடித்திருப்பார்கள். அடுப்பு பற்றவைத்த பிறகு விவாதம் கிடையாது.

இந்த வகை கேம் எங்கிருந்து தொடங்கியது?

புதிரையும் வேகத்தையும் கலக்கும் யோசனை பழையது. 1984-ல் மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் உருவாக்கிய 'டெட்ரிஸ்' அதன் முன்னோடி. மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கி வரிசையை நிரப்பும் விளையாட்டு. 1989-ல் நின்டெண்டோவின் 'கேம்பாய்' கருவியோடு வந்தபோது, இரண்டு கருவிகளை ஒயர் மூலம் இணைத்து இருவர் மோதலாம் என்ற வசதியும் வந்தது. ஒருவர் வரிசைகளை நீக்கினால் எதிராளியின் பக்கம் கட்டைகள் உயரும். தனியாக யோசிக்கும் புதிர், அன்றே இருவர் மோதும் போட்டியாக மாறிவிட்டது.

ஜப்பானில் 1991-ல் வந்த 'புயோ புயோ' இந்தப் போட்டியை இன்னும் வேகமாக்கியது. 2019 பிப்ரவரியில் நின்டெண்டோ ஸ்விட்ச்சில் வந்த 'டெட்ரிஸ் 99', ஒரே நேரத்தில் 99 பேரை மோத விட்டது.

இவை எல்லாம் எதிரெதிர் ஆட்டம். ஒருவர் ஜெயித்தால் மற்றவர் தோற்பார். இன்னொரு பக்கம் 'சேர்ந்து ஜெயிக்கணும், இல்லைன்னா சேர்ந்து தோக்கணும்' என்ற வகையும் வளர்ந்தது. 2015-ல் கனடாவில் உருவான 'கீப் டாக்கிங் அண்ட் நோபடி எக்ஸ்ப்ளோட்ஸ்' அதற்கு நல்ல உதாரணம். ஒருவருக்கு மட்டும் திரையில் வெடிகுண்டு தெரியும். அதைச் செயலிழக்க வைக்கும் கையேடு மற்றவர்களிடம் இருக்கும். பேசியே தீர வேண்டும். ஓவர்குக்ட் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது.

தமிழ் சமையலறையும் கேமில் வந்திருக்கு தெரியுமா?

சமையலைப் புதிராக்கும் யோசனையில் தமிழர்களுக்கும் ஒரு பெருமையான பங்கு உண்டு. கனடாவின் டொரன்டோவில் உள்ள 'விசை கேம்ஸ்' 2023 ஜூலை 31-ல் வெளியிட்ட 'வெண்பா' தான் அது. 1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, பாவலன் என்ற தமிழ்த் தம்பதியின் கதை. அவர்களுடைய மகன் கவின்.

தாயிடமிருந்து வந்த சமையல் குறிப்புப் புத்தகம் சேதமாகியிருக்கும். பாதி வரிகள் அழிந்திருக்கும். மீதியை யூகித்து இட்லி, புட்டு, பிரியாணி என்று சமைக்க வேண்டும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லாத் தட்டுக்கும் போகும் என்பதுதான் முதல் புதிர். 2024-ல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக கேம் விருதை வெண்பா வென்றது.

ஆனால் வெண்பா ஒருவர் மட்டும் விளையாடுவது, நிதானமானது, கடிகாரம் துரத்தாது. பிழைப்புக்காக ஊரை விட்டுப் போன குடும்பத்தில், பிள்ளைக்கும் பெற்றோருக்கும் இடையே விழும் தூரத்தைப் பற்றிப் பேசுவது. வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருக்கும் ஊர்களுக்கு அந்தக் கதை நன்றாகவே புரியும்.

துபாயில் அத்தா, லால்பேட்டையில் பிள்ளை... சேர்ந்து விளையாட முடியுமா?

முடியும். ஆனால் எந்தப் பதிப்பு என்பது முக்கியம்.

2016-ல் வந்த முதல் ஓவர்குக்ட், ஒரே வீட்டில் ஒரே டிவி முன்னால் உட்கார்ந்து விளையாடுவதற்காகச் செய்தது. அதில் இணையம் வழியாகச் சேர்ந்து விளையாடும் வசதி கிடையாது. 'ஓவர்குக்ட் 2'-ல் அந்த வசதி வந்தது. 'ஆல் யூ கேன் ஈட்' தொகுப்பில் பழைய கட்டங்களையும் இணையம் வழியாக விளையாடலாம். ஒருவரிடம் பிளேஸ்டேஷன், இன்னொருவரிடம் எக்ஸ்பாக்ஸ் என்று கருவி வேறாக இருந்தாலும் சேரும் வசதியும் அந்தத் தொகுப்பில் உண்டு.

நேரத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். துபாய் நம் ஊரைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். சவுதி, குவைத், கத்தார் இரண்டரை மணி நேரம் பின்னால். சவுதியில் வேலை முடிந்து இரவு 8 மணிக்கு அறைக்கு வருபவருக்கு, லால்பேட்டையில் இரவு 10.30 ஆகிவிடும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு அது தூங்கும் நேரம். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை என்றாலும் இங்கே பள்ளி உண்டு. ஆகவே இரண்டு பக்கமும் ஒத்துவரும் நேரம் பெரும்பாலும் சனிக்கிழமைதான்.

இன்னொரு சிக்கல், இணைய வேகத்தைவிட தாமதம். பொத்தானை அழுத்தியதும் அது கடல் தாண்டிப் போய் வர சிறிது நேரம் ஆகும். படம் பார்க்க இது தெரியாது. ஆனால் ஒரு நொடியில் தட்டை மாற்ற வேண்டிய கேமில் தெரியும். வைஃபை விட்டுவிட்டு வருகிறது என்றால், ரூட்டரிலிருந்து நேரடியாக ஒயர் இழுத்து இணைத்தால் ஓரளவு சரியாகும்.

பேசிக்கொண்டே விளையாடுவதிலும் கவனம் தேவை. ஐக்கிய அரபு அமீரகத்தில் இணைய வழி அழைப்புகளுக்குக் கட்டுப்பாடுகள் உண்டு. அங்கே அனுமதி பெற்ற செயலிகளையே பயன்படுத்த வேண்டும். பேச்சு இல்லாமலும் சைகை காட்ட, கேமிலேயே சின்னச் சின்னப் படக்குறிகள் இருக்கின்றன.

ஆன்லைன் கேம் தடைச் சட்டம் இதற்கும் பொருந்துமா?

பெற்றோர் அதிகம் குழம்பும் இடம் இது. 'கேம்' என்று சொன்னாலே ரம்மியில் பணத்தை இழந்தவர்களின் செய்திதான் நினைவுக்கு வரும். அந்த அச்சம் நியாயமானது. ஆனால் இரண்டும் வேறு வேறு.

தமிழ்நாட்டில் ஆன்லைன் சூதாட்டத் தடை மற்றும் ஆன்லைன் விளையாட்டுகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2022-ல் நிறைவேறி, 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 2025-ல் வந்த மாநில விதிமுறைகள், பணம் வைத்து ஆடும் கேம்களுக்கு ஆதார் சரிபார்ப்பையும், நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை தடையையும் கொண்டுவந்தன. சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் அவை செல்லும் என்றது.

பிறகு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஆன்லைன் விளையாட்டுகள் மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆகஸ்ட் 22-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். பணம் வைத்து, பணம் ஜெயிக்கும் நோக்கில் ஆடும் ஆன்லைன் கேம்களை இது தடை செய்கிறது. அப்படிப்பட்ட கேமை நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க வழி இருக்கிறது. அதே சட்டம் இ-ஸ்போர்ட்ஸையும், பொழுதுபோக்கு சமூக விளையாட்டுகளையும் தனியாகப் பிரித்து அங்கீகரிக்கிறது.

சுருக்கமாகச் சொன்னால், கேள்வி ஒன்றுதான்: 'பணம் கட்டி, பணம் ஜெயிக்க முடியுமா?' முடியும் என்றால் தடை. ஓவர்குக்ட்டை ஒருமுறை விலை கொடுத்து வாங்கி விளையாடுகிறோம்; அதில் ஜெயித்தால் கிடைப்பது நட்சத்திரம் மட்டும்தான். அது அந்தத் தடைக்குள் வராது.

பிள்ளைகளுக்கு நல்லதா, கெட்டதா?

இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும்.

நல்ல பக்கம்: ஆளுக்கொரு போனை வைத்துக்கொண்டு மூலைக்கு ஒருவராக உட்காருவதைவிட, ஒரே திரை முன்னால் நாலு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டே விளையாடுவது வேறு அனுபவம். தம்பி, அக்கா, அம்மா, தாத்தா என்று வயது வித்தியாசம் இல்லாமல் சேரலாம். கட்டளைகள் படமாக வருவதால் ஆங்கிலம் தெரியாதவர்களும் விளையாடலாம். 'ஆல் யூ கேன் ஈட்' பதிப்பில், புதியவர்களுக்காக நேரத்தைக் கூட்டித் தரும் உதவி வசதியும், நிறப் பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கான வசதியும் இருக்கிறது.

கவனிக்க வேண்டிய பக்கம்: ஒரு கட்டம் சில நிமிடம்தான் என்பதால் 'இன்னும் ஒண்ணே ஒண்ணு' என்று இழுத்துக்கொண்டே போகும். மூன்று நட்சத்திரம் வாங்கும் வரை எழுந்திருக்க மனசு வராது. உலக சுகாதார அமைப்பு 'கேமிங் குறைபாடு' என்பதை நோய்களின் பட்டியலில் சேர்த்து, அது 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்துவிட்டது. விளையாட்டைக் கட்டுப்படுத்த முடியாமல், சாப்பாடு, தூக்கம், படிப்பு, உறவு எல்லாவற்றையும்விட அதுவே முக்கியம் என்றாகி, அந்த நிலை பொதுவாக ஓராண்டாவது நீடித்தால்தான் அதைக் குறைபாடாகக் கருதுகிறார்கள். விடுமுறையில் ரெண்டு மணி நேரம் விளையாடுவது அந்தக் கணக்கில் வராது. ஆனால் 2 முதல் 4 வயதுக் குழந்தைகளுக்குத் திரை நேரம் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பதும் அதே அமைப்பின் பரிந்துரைதான்.

இன்னொன்றும் முக்கியம். சண்டை சிரிப்போடு முடிகிறதா, அழுகையோடு முடிகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே பிள்ளையை எல்லோரும் திட்டிக்கொண்டே இருந்தால் அந்தப் பிள்ளைக்கு அது விளையாட்டு இல்லை, தண்டனை. வேலையை மாற்றிக் கொடுப்பது பெரியவர்களின் பொறுப்பு.

வெளிநாட்டிலிருந்து கன்சோல் வாங்கி வரும் முன்...

லீவுக்கு வரும்போது பிளேஸ்டேஷனோ ஸ்விட்ச்சோ வாங்கி வருவது லால்பேட்டை, பரங்கிப்பேட்டை பக்கம் புதிதல்ல. வாங்குவதற்கு முன் ஐந்து விஷயங்கள்.

ஒன்று, சுங்க வரி. வரியில்லாமல் கொண்டுவரும் பொருட்களுக்கு மொத்த மதிப்பில் வரம்பு உண்டு. அது அவ்வப்போது மாறும். பயணத்துக்கு முன் சுங்கத் துறையின் இணையதளத்தில் பார்த்துக்கொள்வது நல்லது. பில்லை பத்திரமாக வைத்துக்கொள்ளவும்.

இரண்டு, வாரன்டி. வாங்கிய நாட்டில் கிடைக்கும் வாரன்டி இங்கே செல்லாமல் போகலாம். கடையிலேயே கேட்டுவிடுங்கள். நின்டெண்டோ நிறுவனம் இந்தியாவில் பிளேஸ்டேஷன் போல நேரடி விற்பனை வலையமைப்பு வைத்து இயங்கவில்லை என்பதையும் மனதில் கொள்ளுங்கள்.

மூன்று, பிளக். வளைகுடாவில் பெரும்பாலும் மூன்று சதுர முனை பிளக். மின்னழுத்தம் பிரச்சினை இல்லை, பிளேஸ்டேஷன் 5 போன்றவை 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். இந்திய முனை ஒயர் மட்டும் மாற்றினால் போதும்.

நான்கு, கணக்கு. கன்சோலில் தொடங்கும் கணக்கு எந்த நாட்டுக்கு என்று கேட்கும். அங்கே தொடங்கிய கணக்கில் கூடுதல் கட்டங்கள் வாங்கும்போது, அந்த நாட்டு கட்டண முறை கேட்டு மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. எங்கே வைத்து விளையாடப் போகிறீர்களோ அந்த நாட்டுக் கணக்கைத் தொடங்குவது நல்லது.

ஐந்து, கன்ட்ரோலர். நாலு பேர் விளையாட நாலு கன்ட்ரோலர் வாங்க வேண்டும் என்று பயப்பட வேண்டாம். ஓவர்குக்ட்டில் ஒரே கன்ட்ரோலரின் இடது பக்கத்தை ஒருவரும் வலது பக்கத்தை இன்னொருவரும் பிடித்து விளையாடும் வசதி உண்டு. ஸ்விட்ச்சோடு வரும் இரண்டு சின்ன கன்ட்ரோலர்களை ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். முதலில் இருப்பதை வைத்து விளையாடிப் பார்த்துவிட்டு, பிறகு வாங்கலாம்.

முதல் நாளே கருகாமல் தப்பிக்க 5 டிப்ஸ்

1. கட்டம் தொடங்கும் முன் வேலையைப் பிரியுங்கள். நறுக்க ஒருவர், அடுப்புக்கு ஒருவர், தட்டுக்கு ஒருவர். எல்லோரும் எல்லா வேலையும் செய்தால் எல்லோரும் இடித்துக்கொள்வார்கள்.

2. வெந்த பாத்திரத்தை அடுப்பிலிருந்து எடுத்து மேடையில் வைத்துவிடுங்கள். தட்டு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அடுப்பை விட்டு இறங்கினால் கருகாது.

3. வரிசைப்படி பரிமாறுங்கள். ஓவர்குக்ட் 2-ல் ஆர்டர்களை வந்த வரிசையிலேயே கொடுத்தால் டிப்ஸ் தொகை பெருகிக்கொண்டே போகும்.

4. தூக்கிப் போடுங்கள். ஓவர்குக்ட் 2-ல் சமைக்காத பொருட்களை மறுபக்கம் வீசலாம். நடந்து போகும் நேரம் மிச்சம்.

5. தட்டு கழுவுவது கௌரவக் குறைச்சல் இல்லை. தோற்கும் குழுக்களில் பெரும்பாலும் காணாமல் போவது அந்த ஒரு வேலைதான்.

கடைசியாக...

ஐந்தாவது டிப்ஸில்தான் இந்த கேமின் சூட்சுமமே இருக்கிறது. மதிப்பெண் ஏறுவது பரிமாறும்போதுதான். ஆகவே எல்லோருக்கும் பரிமாறத்தான் ஆசை. ஆனால் யாராவது ஒருத்தர் பின்னால் நின்று தட்டு கழுவினால்தான் அந்தப் பரிமாறல் நடக்கும். வீட்டில் தினமும் அந்த வேலையை ஒரே ஆள் சத்தமில்லாமல் செய்துகொண்டிருப்பதை, ஒரு கேம் விளையாடிய பிறகுதான் சில பிள்ளைகள் கவனிக்கிறார்கள்.

அடுத்த முறை லீவில் வரும் அத்தா டிவி முன்னால் உட்காரும்போது, பிள்ளைகள் முதல் நாளே அவருக்கு அடுப்பைக் கொடுத்துவிட வேண்டாம். தட்டு கழுவுவதில் இருந்து தொடங்கட்டும்.